முப்பத்தொரு ஒன்றுகள்

2,14,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று மூச்சுப் பிடித்துப் படித்தாலும், இந்த எண்ணில் விசேஷம் எதுவும் இருப்பதாகத் தெரியாது. இதோடு ஒன்றைக் கூட்டிவிட்டு இரண்டால் வகுக்கத் தொடங்கிப் பாருங்கள். 107 கோடிச் சொச்சம், 53 கோடிச் சொச்சம், 26 கோடிச் சொச்சம் என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எங்கேயும் மீதி விழாது. 31ஆவது தடவை வகுத்ததும் 1 வந்து நிற்கும்.

ஆக, நம் எண் இரண்டின் 31ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு: 2³¹ − 1. இரும முறையில் எழுதினால் நடுவில் ஒரு பூஜ்ஜியம்கூட இல்லாமல் வரிசையாக 31 ஒன்றுகள். இந்த எண்ணுக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இது உலகம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் கணினி நிரல்கள் போய் முட்டிக்கொள்ளும் எல்லையாக ஆனது. இரண்டுக்கும் காரணம் அந்த 31 ஒன்றுகள்தான். ஓர் எண்ணின் குணத்தை அறிய அதன் அளவைவிட அதன் வடிவமே அதிகம் உதவும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

ஒரு நீண்ட வழக்கு

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 3, 7, 15, 31, 63, 127 போன்ற எண்களில் எவை பகா எண்கள்? அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடை உடனே தெரிந்துவிடும். 6 என்பது 2 × 3. எனவே 2⁶ − 1 ஆகிய 63, 2² − 1 ஆகிய 3-ஆலும் வகுபடும், 2³ − 1 ஆகிய 7-ஆலும் வகுபடும். எல்லாப் பகு அடுக்குகளுக்கும் இதே கதிதான். ஆகவே அடுக்கு பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண்தான். 2¹¹ − 1 ஆகிய 2047-ஓ 23 × 89.

இத்தாலியக் கணிதர் பியெத்ரோ கட்டால்டி 1588-இல் 17, 19 ஆகிய அடுக்குகளைச் சோதித்து, 1,31,071, 5,24,287 இரண்டும் பகா எண்கள் என்று சரியாக நிறுவினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களையே தரும் என்றும் சொல்லிவைத்தார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் பியர் தெ பெர்மா 23-ஐயும் 37-ஐயும் தள்ளுபடி செய்தார். 2²³ − 1 என்பது 47-ஆல் வகுபடும், 2³⁷ − 1 என்பது 223-ஆல் வகுபடும். 1738-இல் லியோன்ஹார்ட் ஆய்லர் 29-ஐயும் தள்ளினார். அது 233 × 1103 × 2089. மிஞ்சியது 31 மட்டும்.

இடையில் 1644-இல் மாரின் மெர்சென் என்ற பாரிஸ் துறவி 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 31 இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் 67, 257 என்ற இரண்டு தவறான அடுக்குகளும் இருந்தன. 61, 89, 107 ஆகிய மூன்றும் விடுபட்டுப் போயின. இத்தனை பிழை இருந்தும் இந்த வகைப் பகா எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: மெர்சென் பகா எண்கள்.

31-க்குத் தீர்ப்பு சொல்வது ஏன் சிரமம்? ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது பழைய வழி. கட்டால்டியின் வழியும் அதுதான். 5,24,287-க்கு வர்க்கமூலம் 724 சொச்சம். அதுவரை 128 பகா எண்கள் இருக்கின்றன. பொறுமைசாலிக்கு இது முடியும். நம் எண்ணின் வர்க்கமூலமோ 46,340 சொச்சம். அதுவரை ஏறத்தாழ 4,800 பகா எண்கள். அத்தனையாலும் ஒரு பத்து இலக்க எண்ணைக் கையால் வகுக்க வேண்டும்.

ஆய்லர் வடிகட்டிய விதம்

ஆய்லர் வகுக்கத் தொடங்கும் முன்பே, எந்த எண்கள் காரணியாக இருக்க முடியாது என்று யோசித்தார். அவர் வழியைப் புரிந்துகொள்ள 23 என்ற சிறிய பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். இரண்டின் அடுக்குகளை ஒவ்வொன்றாக 23-ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள்: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12. அடுத்தது 24, மீதி 1. மறுபடியும் முதலிலிருந்து. 11 படிகளில் ஒரு சுற்று முடிகிறது. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், சுற்றின் நீளம் அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான எண்ணை மீதியின்றி வகுக்கும் என்பது பெர்மா கண்ட உண்மை. இங்கே 11 என்பது 22-ஐ வகுக்கிறது.

இப்போது ஏதோ ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ வகுப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³¹-ஐ அதனால் வகுக்க மீதி 1 வர வேண்டும். அதாவது 31 படிகளில் தொடக்கத்துக்கே திரும்பியிருக்க வேண்டும். ஆகவே சுற்றின் நீளம் 31-ஐ வகுக்கும் எண். 31 பகா எண் என்பதால் அது 31-ஆகவே இருந்தாக வேண்டும். அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 31-இன் மடங்கு வரும். அந்தப் பகா எண் ஒற்றைப்படை எண்ணும்கூட, எனவே 62-இன் மடங்கே வரும். இது முதல் வடிகட்டல்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். ஒரு வர்க்க எண் 2-ஐ மீதியாகத் தர வேண்டுமானால், வகுக்கும் ஒற்றைப்படைப் பகா எண் 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி தருவதாக இருக்க வேண்டும். 2047-இன் காரணிகளை வைத்துச் சரிபார்க்கலாம்: 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1.

இரண்டையும் சேர்த்தால், 2³¹ − 1-இன் காரணி எதுவாயினும் 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63-ஐத்தான் மீதியாகத் தர வேண்டும். 46,340-க்குள் இந்த அடையாளம் உள்ளவை 63, 249, 311, 497, 559 என்று தொடங்கி மொத்தம் 373 எண்கள்தான். அவற்றிலும் 249 என்பது 3 × 83, 497 என்பது 7 × 71, 559 என்பது 13 × 43. இப்படிப் பகு எண்களையும் கழித்துவிட்டால் எஞ்சும் பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு. 4,800 வகுத்தல்கள் நூற்றுக்குள் அடங்கிவிட்டன.

முதலில் நிற்பது 311. நம் எண்ணை அதனால் வகுத்தால் ஈவு 69,05,092, மீதி 35. அடுத்த பகா எண் 1303, மீதி 226. அதற்கடுத்தது 1489, மீதி 199. இப்படியே கடைசி வரை போனாலும் மீதி பூஜ்ஜியம் ஆவதில்லை. 2³¹ − 1 பகா எண் என்ற முடிவை பெர்னூலி குடும்பத்துக் கணிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் தெரிவித்தார். அது 1772-இல் அச்சானது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்கு அப்போது வயது 65. ஒரு கண்ணின் பார்வை முன்பே போயிருந்தது. 1771-இல் செய்த கண்புரை அறுவைக்குப் பிறகு மற்றதும் போனது.

இதே வடிகட்டலை அவர் 40 ஆண்டுகளுக்கு முன்பே வேறோர் எண்ணிடம் பயன்படுத்தியிருந்தார். 2³² + 1 பகா எண் என்று பெர்மா நம்பினார். அதன் காரணிகள் 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும் என்று ஆய்லர் கண்டார். 64 × 10 + 1 ஆகிய 641-ஆல் வகுத்தபோது மீதியின்றி வகுபட்டது, ஈவு 67,00,417. ஒரே உத்திதான். அங்கே பெர்மாவின் நம்பிக்கையை உடைத்தது, இங்கே கட்டால்டியின் ஊகத்தைக் காப்பாற்றியது.

பார்லோவின் தீர்ப்பு

மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் கூடவே ஒரு நிறைவெண்ணும் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கும் எண் நிறைவெண். 6 என்பது 1 + 2 + 3. 28 என்பது 1 + 2 + 4 + 7 + 14. மெர்சென் பகா எண்ணை, அதன் அடுக்கில் ஒன்று குறைந்த இரண்டின் அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் வரும் என்று யூக்ளிட் காட்டியிருக்கிறார். 3 × 2, 7 × 4, 31 × 16 என்று போகும் அந்த வரிசையில் நம் எண் எட்டாவது. 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற 19 இலக்க நிறைவெண் கிடைக்கிறது.

1811-இல் ஆங்கிலக் கணிதர் பீட்டர் பார்லோ தம் எண் கோட்பாட்டு நூலில், இதுதான் மனிதர் கண்டுபிடிக்கப்போகும் மிகப் பெரிய நிறைவெண்ணாக இருக்கும் என்று எழுதினார். அவர் சொன்ன காரணம் சுவையானது. இந்த எண்கள் வேடிக்கைக்குரியவையே தவிர உபயோகமற்றவை, எனவே இதற்கு மேல் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு.

மெனக்கெட்டார்கள். 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா, 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். அவர் எந்தக் காரணியையும் தேடவில்லை. அவருடைய சோதனையை 1930-இல் டெரிக் ஹென்றி லேமர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்த வேண்டும். 2⁵ − 1 ஆகிய 31-க்குச் செய்து பார்ப்போம். 4-இலிருந்து 14. 14-இன் வர்க்கத்தில் 2 போக 194. 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கத்தில் 2 போக 62, மீதி பூஜ்ஜியம். மூன்றாவது படியில் பூஜ்ஜியம் வந்துவிட்டது, ஆகவே 31 பகா எண். படிகளின் எண்ணிக்கை அடுக்கைவிட இரண்டு குறைவு. நம் எண்ணுக்கு 29 படிகள் போதும்.

இன்றும் உலகெங்கும் தன்னார்வலர்களின் கணினிகள் இந்த வகை எண்களைத்தான் துருவிக்கொண்டிருக்கின்றன. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற மெர்சென் பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள்.

நம் எண்ணையே அடுக்காக வைத்தால் என்ன ஆகும்? 3-ஐ அடுக்காக வைத்தால் 7. 7-ஐ வைத்தால் 127. 127-ஐ வைத்தால் லூக்காவின் எண். எல்லாமே பகா எண்கள். 5-இல் தொடங்கினால் 31, பிறகு 2,14,74,83,647. இதுவரை எல்லாம் பகா எண்கள். அடுத்து வருவது ஏறத்தாழ 64 கோடியே 64 லட்சம் இலக்கங்கள் கொண்ட ஓர் எண். சங்கிலி இங்கே அறுந்துவிடுகிறது. 295257526626031 என்ற 15 இலக்க எண் அதை மீதியின்றி வகுக்கிறது. இந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 2,14,74,83,647-இன் இரு மடங்கை 68,745-ஆல் பெருக்கினால் வருவது அது. ஆய்லரின் முதல் வடிகட்டல் 62-இன் மடங்கு கேட்டது போலவே, இங்கேயும் அடுக்கின் இரு மடங்கு கேட்கப்படுகிறது.

எல்லைச் சுவர்

கணினி ஒரு முழு எண்ணை 32 பிட்டுகளில் வைத்துக்கொள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. முதல் பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. அத்தனையும் ஒன்றாக நிரம்பினால் வருவது 2,14,74,83,647. அதுதான் உச்சம். இன்னும் ஒன்றைக் கூட்டினால், பழைய ஸ்கூட்டர்களில் 99999 கிலோமீட்டருக்குப் பிறகு மீட்டர் உருண்டு பூஜ்ஜியத்துக்கு வருவதுபோல, 31 ஒன்றுகளும் பூஜ்ஜியமாகி, சுமந்து வந்த ஒன்று குறிக்கான பிட்டில் போய் உட்காரும். பல கணினிகளில் 214 கோடி என்பது ஒரே கணத்தில் கழித்தல் 214 கோடி ஆகிவிடும்.

2014 டிசம்பரில் கங்னம் ஸ்டைல் பாடலின் யூடியூப் பார்வைகள் இந்த எண்ணைத் தாண்டின; எண்ணிக்கை காட்டும் பகுதி 64 பிட்டுக்கு மாற்றப்பட்டிருந்ததால் தப்பியது. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு ஓர் உத்தரவு போட்டது: போயிங் 787 விமானத்தில் மின்சாரம் இடைவிடாமல் 248 நாள் ஓடினால் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் எண்ணி நிரம்பி மின்சாரம் நின்றுபோகலாம், அதற்குள் அணைத்துப் போட வேண்டும். நொடியை நூறாகப் பிரித்து எண்ணிக்கொண்டே போனால் 2³¹ நிரம்ப ஆகும் காலம் சுமார் 248½ நாள். ஆய்லரின் 248-க்கும் இந்த 248-க்கும் தொடர்பு கிடையாது; அது 8 × 31, இது ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால் வந்தது.

இன்னும் வராத தேதி ஒன்றும் இருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த நொடிகளை எண்ணி நேரம் சொல்கின்றன. 32 பிட்டில் எண்ணும் கருவிகளில் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண்ணிக்கை 2,14,74,83,647-ஐத் தொடும். அடுத்த நொடியில் அவை 1901-க்குப் போய்விடும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துபோன தொழிற்சாலைக் கருவிகளும் பழைய கட்டுப்பாட்டுப் பலகைகளும்தான் கவலை.

கணினியின் எல்லை பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 16 பிட்டின் உச்சமான 32,767 என்பது 7 × 31 × 151. அதன் அடுக்கு 15 பகு எண். 64 பிட்டின் உச்சத்துக்கு அடுக்கு 63. அது 3-இன் மடங்கு, ஆகவே 2⁶³ − 1 சுலபமாக 7-ஆல் வகுபடும். 32 பிட்டுக்கு வாய்த்தது 31.

அந்தத் தற்செயலைச் சிலர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். கணினிக்கு ஏதோ குலுக்கிப் போட்டதுபோல் எண்கள் தேவைப்படும் இடங்கள் பல. 1988-இல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் இருவரும் அதற்குப் பரிந்துரைத்த குறைந்தபட்சத் தரம் இது: கையில் உள்ள எண்ணை 16,807-ஆல் பெருக்கு, 2,14,74,83,647-ஆல் வகு, மீதியே அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16,807, பிறகு 28,24,75,249, பிறகு 1,62,26,50,073 என்று தாறுமாறாகப் போகும்.

இது மறுபடியும் அந்த மீதிச் சுற்றுதான். 23-ஐ வைத்து 2-ஆல் பெருக்கியபோது 11 எண்களைத்தான் தொட்டோம். 2-க்குப் பதில் 5-ஆல் பெருக்கியிருந்தால் 1 முதல் 22 வரை ஒன்று விடாமல் தொட்டிருப்போம். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்தால், அப்படி எல்லாவற்றையும் தொடும் பெருக்கி ஒன்று நிச்சயம் உண்டு. 2³¹ − 1-க்கு 7⁵ ஆகிய 16,807 அத்தகையது. ஏறத்தாழ 214 கோடி எண்களையும் ஒரு முறை தொட்ட பிறகே முதல் எண் திரும்பும். இன்னொரு வசதி, மீதியைக் காண வகுத்தல் தேவையில்லை. 2³¹-க்கு மீதி 1 என்பதால், 31 பிட்டுகளுக்கு மேல் வழிவதை வெட்டிக் கீழ்ப்பகுதியோடு கூட்டினால் போதும். பின்னாளில் 214 கோடி நீளமும் போதாமல் போனது. 1997-இல் ஜப்பானில் உருவான மெர்சென் ட்விஸ்டர் 2¹⁹⁹³⁷ − 1 என்ற மெர்சென் பகா எண்ணின் நீளத்துக்குச் சுற்றுகிறது. பைதான் மொழியின் சீரற்ற எண்கள் அதிலிருந்துதான் வருகின்றன.

பார்லோ பாதி சரி, பாதி தவறு. நிறைவெண்களுக்கு இன்றுவரை பெரிய பயன் எதுவும் வாய்க்கவில்லை. ஆனால் அவற்றைப் பெற்றெடுத்த மெர்சென் பகா எண்கள் வேலைக்குப் போய்விட்டன.

ஆய்லரின் வடிகட்டலை நீங்களே செய்து பார்க்க ஒரு காகிதமும் பேனாவும் போதும். 2¹³ − 1 ஆகிய 8,191-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் 90 சொச்சம். காரணி இருந்தால் அது 26-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும்: 27, 53, 79. இதில் 27 பகா எண் அல்ல. 53-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5, எனவே அதுவும் வெளியே. மிஞ்சுவது 79 மட்டும். 8,191-ஐ 79-ஆல் வகுத்தால் ஈவு 103, மீதி 54. ஒரே வகுத்தலில் அது பகா எண் என்று நிரூபித்துவிட்டீர்கள். அடுத்து கட்டால்டியின் 5,24,287-ஐ எடுங்கள். 128 பகா எண்களால் வகுக்க வேண்டிய இடத்தில் உங்களுக்கு மூன்றே போதும்: 191, 457, 647. ஏன் இந்த மூன்று மட்டும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.